பேதை போல் இருப்பதன் பெரும்பயன்

ஸ்ரீ:

மனிதனுக்கு அச்சங்கள் பல. பிணிக்கு அஞ்சுகிறான், வறுமைக்கு அஞ்சுகிறான், மூப்புக்கும் மரணத்திற்கும் அஞ்சுகிறான். இவ்வச்சங்களை அவன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதும் உண்டு. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், நாள்தோறும் நெஞ்சுக்குள்ளேயே வைத்து வளர்க்கும் அச்சம் ஒன்று உண்டு. ‘பிறர் நம்மை அறிவிலி என்று எண்ணிவிடுவார்களோ!’ என்பதே அது.

இவ்வச்சம் செய்யும் தீங்கு கொஞ்சநஞ்சமன்று. காலக்ஷேப கோஷ்டியில் அமர்ந்திருப்பவர் ஒரு பதத்திற்குப் பொருள் விளங்காதபோதும், விளங்கியவர் போலத் தலையசைத்துவிடுகிறார். பாசுரம் தெரியாதவர், ‘தெரியாதவர் என்று பிறர் கண்டுகொள்வார்களே’ என்று கோஷ்டியின் பக்கமே வாராமல் தூணோரம் ஒதுங்கிவிடுகிறார். இது கல்லாதவர் படும் பாடு. கற்றவர் படும் பாடு இதனினும் பெரிது. தாம் கற்றது பிறர் கண்ணில் ஓயாது பட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்று அவர் கவலைப்படுகிறார். கேளாத இடத்திலும் பேசுகிறார். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நா எழாமல் தவிக்கிறார். ஒருவருக்குக் கற்கும் வாயில் அடைபடுகிறது. மற்றவருக்குக் கற்றதன் பயன் கைநழுவுகிறது.

நம்முடைய சாஸ்திரங்களும் பூர்வாசாரியர்களின் சரிதங்களும் இவ்விஷயத்தில் உலக வழக்கத்திற்கு நேர்மாறானதொரு வழியைக் காட்டுகின்றன. பேதை போல் இருப்பதில் பெரும்பயன் உண்டு என்பதே அவ்வழி. திருவிழாவை ஸேவிக்க வந்திருக்கும் அன்பர்கள் இதனைச் சற்றே ஊன்றிச் சிந்திக்க வேண்டுகிறோம்.

வேதாந்தம் விதிக்கும் பால்யம்

பிருஹதாரண்யக உபநிஷத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் ஜனக மகாராஜனுடைய ஸதஸ் வருணிக்கப்படுகிறது. ஆயிரம் பசுக்களின் கொம்புகளில் பொன்னைக் கட்டி நிறுத்தி, ‘உங்களுள் பிரஹ்ம ஞானத்தில் மிக்கவர் எவரோ அவர் இவற்றை ஓட்டிச் செல்லலாம்’ என்கிறான் அரசன். யாக்ஞவல்கியர் பசுக்களை ஓட்டிச் செல்லுமாறு தம் சீடனைப் பணிக்கிறார். உடனே வித்வான்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து அவரைக் கேள்விகளால் மடக்க முயலுகின்றனர். புலமையைக் காட்டுவதற்கென்றே கூடிய ஸபை அது.

அந்த ஸபையில் கஹோளர் என்னும் ரிஷி கேட்ட கேள்விக்கு விடை கூறும்போது, யாக்ஞவல்கியர் வியப்பானதொன்றை விதிக்கிறார். பாண்டித்யத்தை முற்றப் பெற்றபின், ஒருவன் பால்யத்துடன், அதாவது குழந்தைத் தன்மையுடன் இருக்க விரும்பவேண்டும் என்பது அவர் வாக்கின் கருத்து. புலமைக்குப் பரிசு வைத்த ஸபையிலேயே, புலமைக்கு அடுத்த படி குழந்தையாவது என்று சொல்லப்பட்டது.

குழந்தைத் தன்மை என்றால் எது? குழந்தை மனம் போனபடி ஓடும். கையில் கிடைத்ததை வாயில் இடும். செய்யத்தக்கது, தகாதது என்னும் பாகுபாடு அறியாது. வித்வானும் அவ்வாறு விதிகளைத் துறந்து நடக்கலாம் என்பதா இதன் பொருள்? பிரஹ்ம ஸூத்திரத்தில் வியாஸர் இவ்வையத்தை எடுத்து நிர்ணயம் செய்கிறார். மூன்றாம் அத்தியாயத்தின் நான்காம் பாதத்தில் உள்ள அந்த ஸூத்திரத்திற்கு உரை அருளிச்செய்த உடையவர், தன் பெருமையை வெளிக்காட்டாமல் இருத்தலே ஈண்டுப் பால்யம் எனப்பட்டது என்று ஸ்ரீபாஷ்யத்தில் தெளிவுபடுத்துகிறார். தீய ஒழுக்கத்தினின்று நீங்காதவன் பரம்பொருளை அடையான் என்று வேதமே கூறுவதால், மனம் போனபடி நடத்தல் ஒருபோதும் வித்தைக்கு அங்கமாகாது. குழந்தையினிடத்தில் நாம் கொள்ளவேண்டியது அதன் டம்பமின்மை ஒன்றே.

எனவே, கல்வி வேண்டா என்று உபநிஷத்து கூறவில்லை. கற்றுத் தேர்ந்தபின் அக்கல்வியை நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ளாதே என்றே கூறுகிறது. இவ்விதிக்கு உயிருள்ள உரையாக வாழ்ந்து காட்டியவர் ஜடபரதர்.

மூன்று பிறவிகளின் கதை

ஸ்ரீவிஷ்ணு புராணத்தின் இரண்டாம் அம்சத்திலும், ஸ்ரீமத் பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்திலும் இவர் சரிதம் விரித்துரைக்கப்படுகிறது. உடையவர் ஸ்ரீபாஷ்யத்தில் தத்துவ விசாரம் செய்யும் இடத்தில், ஜடபரதர் அரசனுக்கு உபதேசித்த சுலோகங்களை எடுத்துப் பொருள் நிர்ணயம் செய்தருளினார் என்பதால், நம் ஸம்பிரதாயத்தில் இச்சரிதத்திற்குள்ள ஏற்றம் விளங்கும்.

ரிஷபதேவரின் திருக்குமாரரான பரதர் பெரும் புகழுடன் நாடாண்டவர். இந்நிலப்பரப்பு பாரத வர்ஷம் என்று பெயர் பெற்றது இவராலே என்று பாகவதம் கூறும். அரசு துறந்து, சாளக்கிராம க்ஷேத்திரத்தில் எம்பெருமானை ஆராதித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் ஆற்றங்கரையில், சிங்கத்தின் கர்ஜனை கேட்டு அஞ்சிப் பாய்ந்த சினைமான் ஒன்றின் கரு நழுவி நீரில் விழுந்தது. தாய்மான் உயிர் நீத்தது. வெள்ளத்தில் மிதந்த குட்டியைப் பரதர் எடுத்து வளர்த்தார். எடுத்தது கருணை, அதில் குற்றமில்லை. நாளடைவில் அவர் நெஞ்சு முழுவதும் அந்த மானே நிறைந்துவிட்டது, ஆராதனம் நழுவிற்று. மானையே நினைந்து உயிர் விட்டவர் மானாகவே பிறந்தார். எனினும் முற்பிறவி நினைவு மாறாதிருந்ததால், மான் கூட்டத்தை விட்டுச் சாளக்கிராமத்திற்கே மீண்டு, சருகு தின்று காலம் கழித்து, அவ்வுடலையும் விட்டார்.

மூன்றாம் பிறவியில் நல்லதோர் அந்தணர் குலத்தில் தோன்றினார். முற்பிறவிகளின் நினைவு இப்போதும் இருந்தது. ஒருமுறை நழுவியவர், மீண்டும் நழுவலாகாது என்பதில் உறுதி கொண்டவர். ஆகவே பித்தன் போலும், ஊமை போலும், செவிடன் போலும் நடந்துகொண்டார். தந்தையார் வசந்தமும் கிரீஷ்மமுமாகிய நான்கு மாத காலம் முயன்றும், மகனுக்குக் காயத்திரியைச் சரிவரப் பயிற்றுவிக்க இயலவில்லை என்கிறது பாகவதம். யாரேனும் பேசினால் குழறலாகவும் கொச்சையாகவும் ஏதோ விடை சொல்வார். அழுக்கு மேனியும் கந்தையுமாகத் திரிவார். ஊரார் ‘ஜடம்’ என்றனர். அதுவே பெயராக நின்றுவிட்டது.

தந்தை மறைந்தபின், உடன்பிறந்தோர் அவரைக் கழனி வேலைக்கு ஏவினர். உண்ணக் கொடுத்தவை நொய்யும், பிண்ணாக்கும், உமியும், புழுத்த உளுந்தும், சட்டியில் அடிப்பிடித்த காந்தலும். அவற்றை அமுதமென உண்டார். ஓர் இரவு, காளிக்கு நரபலி கொடுக்க ஆள் தேடிய கள்வர்கள், வயலில் காவலிருந்த அவரைக் கயிற்றால் கட்டி இழுத்துச் சென்றனர். அப்போதும் அவர் பதறவில்லை. வாய் திறந்து தம்மை இன்னார் என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. பத்திரகாளி தன் பிம்பத்தினின்று வெளிப்பட்டுக் கள்வர்களை மாய்த்தாள், அவரைத் தொடவில்லை.

பல்லக்கின் கீழே இருந்த ஆசாரியர்

ஸிந்து ஸௌவீர தேசத்து அரசனான ரஹூகணன் ஒருநாள் பல்லக்கேறிப் புறப்பட்டான். இக்ஷுமதி நதிக்கரை வழியே கபில மகரிஷியிடம் சென்று, இவ்வுலகில் உயிருக்கு எது நன்மை என்று கேட்டறிவது அவன் நோக்கம். வழியில் பல்லக்குச் சுமக்க ஓர் ஆள் குறைந்தது. திடமான உடலுடன் சும்மா இருந்த ‘ஜடத்தை’ அரசனின் ஆட்கள் பிடித்து வந்து, கூலியில்லா வேலையாகத் தோள் கொடுக்கச் செய்தனர்.

பல்லக்கு ஏறியும் தாழ்ந்தும் குலுங்கிற்று. மற்றவர்கள் ஒரே நடையாக விரைய, புதிய ஆள் மட்டும் நின்று நின்று நடந்தார். அரசன் அதட்டினான். ‘இவனால்தான் ஸ்வாமி’ என்று மற்றவர்கள் கை காட்டினர். அரசன் எள்ளி நகையாடினான்: “அந்தோ, பாவம்! நெடுந்தூரம் நீ ஒருவனே சுமந்து களைத்தாய் போலும்! மெலிந்தவன் வேறு, முதியவன் வேறு!” பல்லக்கு மீண்டும் குலுங்கவே, நகை சினமாயிற்று, தண்டிப்பேன் என்று மிரட்டினான்.

அவர் ஏன் நின்று நின்று நடந்தார்? காலடியில் எறும்பு முதலிய சிற்றுயிர் எதுவும் நசுங்கலாகாதே என்று, ஓர் அம்பின் நீளத்திற்கு முன்னே தரையைப் பார்த்துப் பார்த்து அடி வைத்தார். மற்றவர்களுக்கு நடை தெரிந்திருந்தது. அவருக்கு நடையின் கீழ் இருந்த உயிர்கள் தெரிந்திருந்தன. அறியாமை என்று அரசன் எதனைக் கண்டு சிரித்தானோ, அதுவே அங்கிருந்த அனைவரிலும் மேலான அறிவாய் இருந்தது.

ஜடபரதர் முதன்முறையாக வாய் திறந்தார். ஸ்ரீவிஷ்ணு புராணத்தில் அவர் கூறும் விடையின் கருத்து இது: “சுமப்பவன் நான் என்றாய். பூமியின்மேல் பாதங்கள், பாதங்களின்மேல் கணைக்கால்கள், அவற்றின்மேல் தொடைகள், அதன்மேல் வயிறும் மார்பும், அதன்மேல் தோள், தோளின்மேல் பல்லக்கு. இதில் ‘நான்’ சுமப்பது எங்கே? மரத்தை வெட்டியதால் பலகை வந்தது. பலகையைக் கூட்டியதால் பல்லக்கு வந்தது. இதில் மரம் எது, பல்லக்கு எது? அரசன் என்றும் ஆள் என்றும் நீ பார்ப்பது உடலைப் பற்றிய பெயரே அன்றி ஆத்மாவைப் பற்றியது அன்று.” பாகவதம் ஓர் அழகிய செய்தியைக் கூறுகிறது. இவ்வாறு விடை கூறிவிட்டு அவர் முன்போலவே பல்லக்கைச் சுமந்து நடக்கத் தொடங்கினாராம். அறிவை வெளியிட்டபின்பும் ‘இனி நான் சுமப்பதா?’ என்னும் எண்ணம் அவருக்கு எழவில்லை.

அரசன் திடுக்கிட்டான்; பல்லக்கினின்று குதித்திறங்கினான்; திருவடிகளில் தலை வைத்து விழுந்தான். “இந்திரனுடைய வஜ்ராயுதத்திற்கும் அஞ்சேன், பெரியோரை அவமதித்த பிழைக்கு அஞ்சுகிறேன். தேவரீர் யார்? நான் தேடிப் போகும் கபிலரே தேவரீர்தானோ?” என்று கேட்டான். அங்கேயே, வழியிலேயே, அவனுக்கு உபதேசம் கிடைத்தது. எந்த ஞானத்தை நாடிப் பல்லக்கேறினானோ, அந்த ஞானம் அவன் பல்லக்கையே சுமந்து வந்தது. மேலே அமர்ந்திருந்தவரை அவன் அதைக் காணவில்லை; கீழே இறங்கியதும் கண்டான்.

பயன் யாது?

இச்சரிதத்தினின்று நாம் கொள்ளத்தக்க பயன்கள் மூன்று.

முதலாவது, காப்பு. பயிர் விளைந்த நிலத்துக்கு வேலி எப்படியோ, ஞானம் விளைந்த நெஞ்சுக்குப் பிறர் அறியாமை அப்படி. பிறர் தரும் மதிப்பு யோகத்திற்குப் பெரும் கேடு விளைப்பது என்றும், அவமதிக்கப்பட்டவனுக்கே யோகம் எளிதில் கைகூடும் என்றும் ஸ்ரீவிஷ்ணு புராணம் இவ்விடத்தில் காரணம் கூறுகிறது. முதற்பிறவியில் புகழுடைய மன்னர் ஒரு மான்குட்டியால் நழுவினார். மூன்றாம் பிறவியில் ஒருவராலும் மதிக்கப்படாதவர் பலிபீடத்தின் முன்னும் அசையாது நின்றார். புகழ்வார் இல்லாத இடத்தில் புகழ்ச்சிக்கு மயங்குதலும் இல்லை. பாராட்டுக்காக ஒரு சொல்லையும் மாற்றிப் பேசவேண்டிய தேவையும் இல்லை.

இரண்டாவது, கற்கும் வாயில். ‘எனக்குத் தெரியாது’ என்ற சொல்லே ஞானக் கோயிலின் திறவுகோல். கீதையின் தொடக்கத்தை நோக்குக. அர்ஜுனன் தேரில் நின்றுகொண்டு குலதர்மம், பாவம், நரகம் என்று நெடும்பிரசங்கமே செய்கிறான். கண்ணன் இரண்டே சுலோகங்களில் கடிந்துகொள்கிறானே அன்றி, தத்துவம் எதுவும் பேசவில்லை. ‘எது தர்மம் என்று அறியாமல் நெஞ்சு மயங்குகிறேன், உனக்குச் சீடன், எனக்கு உரைப்பாயாக’ என்று அர்ஜுனன் தன் அறியாமையை ஒப்புக்கொண்ட பின்னரே, இரண்டாம் அத்தியாயத்தின் பதினோராம் சுலோகத்திலிருந்து உபதேசம் பெருகுகிறது.

மதுரகவியாழ்வாரையும் நினைந்து பார்ப்போம். வடமொழியும் தமிழும் வல்லவர், வயதில் முதிர்ந்தவர். திருக்குருகூரில் ஒரு புளியமரத்தின் பொந்தில், பிறந்தது முதல் பதினாறு ஆண்டுகளாகப் பேசாதிருந்த இளைஞர் ஒருவர். உலகத்தார் கண்ணுக்கு அவர் ஊமை. வடதேச யாத்திரையில் இருந்த மதுரகவிகள், தெற்கே தெரிந்த பேரொளியைப் பின்பற்றி அத்தனை தூரமும் வந்து, அந்தப் ‘பேசாப் பிள்ளை’யின் முன் நின்று ஆத்மாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். ‘முதியவர் ஊமைப் பிள்ளையிடம் கேள்வி கேட்கிறாரே!’ என்று பிறர் நகைப்பதற்கு அவர் அஞ்சியிருந்தால், நம்மாழ்வாரின் திருவாய் மலர்ந்ததைக் கேட்கும் பேறு அவருக்கு வாய்த்திருக்குமா?

எம்பெருமானார் சரிதமும் இதற்குச் சான்று. திருக்கோட்டியூர் நம்பியிடம் ரஹஸ்யார்த்தம் கேட்பதற்காக அவர் ஸ்ரீரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்தார். பதினேழு முறையும் வெறுங்கையுடன் திரும்பினார். அப்போதே அவர் பலருக்கு ஆசாரியர். ‘இத்தனை கற்றவர் இன்னும் ஒரு வாசற்படியில் நின்று கெஞ்சுகிறாரே’ என்று பார்ப்பவர் பேசக்கூடும் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. பதினெட்டாம் முறை கதவு திறந்தது.

மூன்றாவது, கைங்கரியம். தன்னைப் பெரியவன் என்று காட்டிக்கொள்பவனுக்குச் செய்யக் கூடாத வேலைகள் பல ஆகிவிடுகின்றன. பேதை போல் இருப்பவனுக்கு எல்லாப் பணியும் திறந்தே இருக்கிறது. உடையவருக்குத் திரிதண்டமாகவும் பாதுகையாகவும் கொண்டாடப்படும் முதலியாண்டான் சரிதம் இதனைக் காட்டும். அவர் ரஹஸ்யார்த்தம் கேட்க விரும்பியபோது, கல்வியாலும் செல்வத்தாலும் குலத்தாலும் வரும் செருக்கு மூன்றும் நீங்கி வரவேண்டும் என்று திருக்கோட்டியூர் நம்பி அருளிச்செய்தார் என்பது குருபரம்பரைச் செய்தி.

அச்சமயம், பெரியநம்பியின் திருக்குமாரத்தியான அத்துழாய் புக்ககத்தில் ஓர் இடரில் இருந்தாள். விடியற்காலையில் நீராடச் செல்லத் துணை கேட்டதற்கு, “உன் சீதன வெள்ளாட்டியை அழைத்துக்கொண்டு போ” என்று மாமியார் இடித்துரைத்தாள். அத்துழாய் தந்தையிடம் வந்து முறையிட, அவர் உடையவரிடம் சொல்லும்படி கூறினார். உடையவர் அருகிலிருந்த முதலியாண்டானைக் காட்டி, “இதோ உன் சீதன வெள்ளாட்டி” என்றார். பெரும் வித்வானான ஆண்டான் மறுசொல் சொல்லாமல் அவள் பின்னே சென்று, அந்த வீட்டில் சமையலும் ஏவல் வேலைகளும் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் அங்கே வேதாந்தம் பேசியவர்கள் ஒரு பொருளைப் பிறழக் கூறக் கேட்டு, பொறுக்கமாட்டாமல் உண்மைப் பொருளை எடுத்துரைத்தார். அப்போதுதான் அடுப்படியில் இருந்தவர் யார் என்று அவ்வீட்டார் அறிந்து நடுங்கினர். அத்துழாயையும் அன்று முதல் ஆதரவுடன் நடத்தினர். ஒரு பெண்ணின் கண்ணீர் துடைக்கப்பட்டது. ஒரு வித்வானின் செருக்குக்கு இடமற்றுப் போயிற்று. ஒரே கைங்கரியத்தில் இரண்டு நன்மைகள்.

எல்லை எது?

ஈண்டு ஓர் ஐயம் எழும். பேதை போல் இருப்பது ஒருவகை வஞ்சனை ஆகாதா? சோம்பேறி ஒருவன் வேலைக்கு ஒளிந்துகொள்ளவும், பொறுப்புள்ளவன் ஒருவன் ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று கைகழுவிவிடவும் இது இடம் கொடாதா?

மேற்சொன்ன சரிதங்களிலேயே விடை இருக்கிறது. ஜடபரதர் எவ்வேலையினின்றும் ஒளியவில்லை; இட்ட வேலையெல்லாம் செய்தார். தம் பெருமையை மறைத்தாரே அன்றி, தம் கடமையை மறைக்கவில்லை. அரசன் அறியாமையில் அழிய இருந்தபோது வாய் திறந்தார். முதலியாண்டானும் தம்மைப் பற்றி எது பேசினாலும் பொறுத்தார். சாஸ்திரப் பொருள் பிழைபட்டபோது பொறுக்கவில்லை. தனக்கு வரும் இழிவைத் தடுப்பதற்காக அறிவைக் காட்ட வேண்டா; பிறர்க்கு வரும் தீங்கைத் தடுப்பதற்காக அறிவை மறைக்கவும் வேண்டா. இதுவே எல்லை. நாட்டில் அநியாயம் நடக்கக் கண்டும் ‘நான் பேதை’ என்று வாய் மூடியிருப்பவன், ஜடபரதரைப் பின்பற்றியவன் ஆகமாட்டான்.

இன்னுமொன்று. இந்த வழி எளிதன்று, விலை உண்டு. புழுத்த உளுந்தும், பதினேழு வெறுங்கைப் பயணங்களும், அடுப்படிப் புகையும் அந்த விலை. அதனை அறியாமல் இதனை ஓர் உபாயமாக, ‘பேதை வேஷம் போட்டால் பெரியவன் ஆகலாம்’ என்று கொண்டால், அது செருக்கின் இன்னொரு வேஷமே ஆகும். பெரியோர் செய்தது வேஷம் அன்று. எம்பெருமான் திருமுன்பே தம் அறிவை நிறுத்துப் பார்த்தார்கள், அது ஒன்றுமில்லை என்று கண்டார்கள், கண்டபடியே இருந்தார்கள்.

இதற்குத் திருக்கோளூர்ப் பெண்பிள்ளை சாட்சி. எம்பெருமானார் திருக்கோளூருக்கு எழுந்தருளும்போது, ஒரு பெண்பிள்ளை அவ்வூரை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தாள். எல்லாரும் புகுவதற்கு ஆசைப்படும் திவ்யதேசத்தை விட்டு நீ புறப்படுவானேன் என்று உடையவர் வினவினார். அவள், அக்ரூரர் முதலாக ஒவ்வொருவரையும் சொல்லி, அவர் செய்தது போல நான் ஒன்றும் செய்திலேனே என்று எண்பத்தோரு வாக்கியங்களில் தன் குறையை விண்ணப்பித்தாள். ஏதுமறியேன் என்று சொல்ல வந்தவளின் வாயிலிருந்து இதிஹாஸ புராணங்களும், ஆழ்வார் ஆசாரியர் சரிதங்களும் மடை திறந்தாற்போல் வந்தன. தான் கற்றவள் என்பது அவளுக்கே தெரியவில்லை! உடையவர் உள்ளம் பூரித்து, அவள் இல்லத்திற்கே எழுந்தருளி அமுது செய்தருளினார். பேதை போல் இருத்தலின் முதிர்ந்த நிலை இதுவே. ‘போல்’ என்னும் சொல்லும் இங்கே உதிர்ந்துபோகிறது.

திருப்பாவையின் இருபத்தெட்டாம் பாசுரத்தில் ஆண்டாள் நாச்சியாரும், மாடு மேய்த்துத் திரியும் அறிவற்ற குலத்தோம் என்றே ஆய்ச்சியர் வாயிலாக விண்ணப்பிக்கிறாள். எம்மிடம் கைம்முதல் ஒன்றும் இல்லை, உன்னையன்றிக் கதியில்லை என்னும் சரணாகதி தத்துவத்தை ஆசாரியர்கள் அங்கே எடுத்துக்காட்டுவர். அறியாமை என்னும் வெறுங்கையே அங்கு எம்பெருமானிடம் நீட்டும் கையாகிறது.

எம்பெருமான் காட்டிய பேதைமை

இவ்வளவும் சொல்லியபின், இவ்வழியில் நமக்கு முன்னே நடந்தவன் எம்பெருமானே என்பதை மறக்கலாகாது. எல்லாம் அறிந்தவன் ஆயர்பாடியில் ஏதுமறியாப் பிள்ளையாய் நின்றான். வெண்ணெய் களவு கண்டு, அகப்பட்டு, உரலோடு கட்டுண்டு, கண்ணைக் கசக்கி அழுதான். ஏழுலகையும் கட்டி ஆள்பவனை ஓர் ஆய்ச்சி தாம்புக்கயிற்றால் கட்டினாள். இந்த எளிமையை நினைந்த மாத்திரத்தில் நம்மாழ்வார் ஆறு மாதம் மோகித்துக் கிடந்தார் என்று பூர்வர்கள் அருளிச்செய்வர். பெரியதொரு தத்துவத்தைக் கேட்டு ஆழ்வார் மயங்கவில்லை. பெரியவன் பேதை போல் நின்ற நிலையிலேயே மயங்கினார். அவனே பின்னர்க் குருக்ஷேத்திரத்தில் குதிரைக் கயிற்றைப் பிடித்துத் தேரோட்டியாய் அமர்ந்தான். ஜடபரதர் தோளில் பல்லக்கைத் தாங்கியது போலவே, கீதாசாரியன் கையில் சாட்டையைத் தாங்கினான். ஞானம் கீழே அமர்ந்திருந்தது. கேட்க வேண்டியவன் மேலே நின்றிருந்தான்.

திருவிழாவில் ஒரு சிறு பயிற்சி

அன்பர்களே! வீதி புறப்பாட்டில் எம்பெருமானைத் தோளுக்கினியானில் எழுந்தருளப்பண்ணும் ஸ்ரீபாதம்தாங்கிகளைக் காண்பீர்கள். வியர்வை வழிய, தோள் கன்ற அவர்கள் வைக்கும் அடியைப் பாருங்கள், ரஹூகணனை நினையுங்கள். நமக்காகப் பாரம் சுமப்பவர்கள், நாம் பெயர் கேளாதவர்கள், பேசத் தெரியாதவர் என்று நாம் ஒதுக்கியவர்கள், இவர்களுள் எவரிடம் நாம் தேடும் நன்மை இருக்கிறதோ, யார் அறிவார்? ஒருவரையும் ‘ஜடம்’ என்று எண்ணாதிருத்தல் இத்திருவிழாவில் நாம் மேற்கொள்ளும் முதல் விரதமாகட்டும்.

பொருள் விளங்காத பாசுரத்திற்குப் பக்கத்தில் இருப்பவரிடம் பொருள் கேளுங்கள். அவர் வயதில் இளையவராயினும் கேளுங்கள். கோஷ்டியில் பின்னே நின்று, தெரிந்த ஓர் அடியை மட்டுமேனும் சேர்ந்து ஸேவியுங்கள். கற்றவர்களோ, கேட்க வந்தவரின் முகம் கன்றாமல் விடை சொல்லுங்கள், ‘இதுகூடத் தெரியாதா?’ என்னும் ஒரு சொல், திறந்துவரும் ஒரு நெஞ்சை ஆயுள் முழுவதும் அடைத்துவிடக்கூடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அச்சொல்லால் குறைவது செருக்கு ஒன்றே.

திருச்சந்நிதியில் தீபாராதனை ஆகும்போது, பண்டிதரும் பாமரரும் ஒருபடியாகத்தான் கை கூப்புகின்றனர். அக்கணத்தில் எல்லாரும் குழந்தைகளே. உபநிஷத்து விதித்த பால்யம் அங்கே ஒரு நொடி நம் எல்லார்க்கும் வாய்க்கிறது. அந்த நொடியைச் சந்நிதியிலேயே விட்டுவிடாமல், வீட்டு வாசல் வரையேனும் உடன் கொண்டு செல்வோமாக. பேதையாய் வந்த நம்மைப் பெருங்கருணையால் ஆட்கொள்ளும் எம்பெருமான் திருவடிகளே சரணம்.

சுபம்.